'உரிமையாளர்' என்ற சொல்லை அழித்த பிறகு

கடிதம் ஒரு பெண்ணிடமிருந்து வந்திருந்தது. அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மூன்று முறை தொலைபேசியில் சொல்லிவிட்டேன், இன்னும் அவர் பெயருக்கு உறுப்பினர் புதுப்பிப்பு நினைவூட்டல் வந்துகொண்டிருக்கிறது, இந்த முறை 'உங்களைக் காணாமல் வருந்துகிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கடிதம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்திருப்போம்.

உறுப்பினர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் நடுத்தர அளவிலான ஓர் அமைப்பில் அப்போது அறிக்கைகள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அந்தக் கடிதத்துக்கு வேறு போக்கிடம் இல்லாததால் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. தேடிப் பார்த்தேன். உறுப்பினர் சேர்க்கை மென்பொருள், கணக்குப் பிரிவின் மென்பொருள், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவை, பயிற்சிப் பிரிவு தனியாக வைத்திருந்த எக்செல் கோப்பு என நான்கு இடங்களில் அவர் பெயர் இருந்தது. நான்கிலும் அவர் உயிரோடு இருந்தார். ஐந்தாவதாக, உதவி மையத்தின் அழைப்புப் பதிவேட்டில், 'குறிப்புகள்' என்ற கட்டத்தில், மூன்று தேதிகளில் மூன்று பேர் எழுதி வைத்திருந்தார்கள்: "இறந்துவிட்டார். மகள் தெரிவித்தார்." மூவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். அமைப்புக்குத் தெரிந்திருந்தது. அமைப்பில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

"அந்த மென்பொருளில் திருத்த எங்களுக்கு அனுமதி இல்லை சார்" என்றார் உதவி மையத்தில் இருந்தவர். "எங்களிடம் யாரும் சொல்லவில்லையே" என்றது உறுப்பினர் பிரிவு. பாக்கி நிலுவையில் இருக்கும் பெயரைத் தாங்களாக நீக்க முடியாது என்றது கணக்குப் பிரிவு. கணினிப் பிரிவு மிக நியாயமாகப் பேசியது: "ஐந்து நிமிட வேலை. ஆனால் யாராவது எழுத்தில் கேட்க வேண்டும்." அந்த 'யாராவது' யார் என்று கண்டுபிடிப்பதே அடுத்த மூன்று ஆண்டுகள் என் வேலையாகிப் போனது.

தொடக்கத்தில் நான் எல்லாவற்றையும் தவறாகச் செய்தேன். நம்மிடம் என்னென்ன தரவு இருக்கிறது என்று முதலில் முழுப் பட்டியல் எடுத்துவிடலாம், பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரைக் குறிக்கலாம் என்று திட்டம். கேட்பதற்கு அறிவுபூர்வமாக இருந்தது. மூன்று மாதங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தரவுத்தளத்தையும், பகிர்வுக் கோப்புறையில் கிடந்த ஒவ்வொரு எக்செல் கோப்பையும் பட்டியலிட்டேன். 'இறுதி', 'இறுதி_புதியது', 'இறுதி_இதையே_பயன்படுத்தவும்' என்ற பெயர்களில் ஒரே கோப்பு மூன்று முறை வந்தது. மூன்றிலும் எண்கள் வேறு. பட்டியல் முடிந்தபோது உள்ளே இருந்தவற்றில் பாதி மாறிப்போயிருந்தது. 'உரிமையாளர்' என்ற பத்தியில் முக்கால்வாசி இடங்களில் 'கணினிப் பிரிவு' என்று எழுதியிருந்தேன். ஏனென்றால் ஒவ்வொரு பிரிவும் அப்படித்தான் சொன்னது. தரவு கணினியில் இருக்கிறது, ஆகவே அது கணினிப் பிரிவினுடையது.

இந்தக் குழப்பம் அநேகமாக எல்லா அமைப்புகளிலும் இருக்கிறது. நூலகர் புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறார், கேட்டால் எடுத்துத் தருகிறார், தகுதியில்லாதவருக்குத் தர மறுக்கிறார். 147-ஆம் பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. கணினிப் பிரிவினர் காப்பாளர்கள். காப்பு நகல், கடவுச்சொல், வேகம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அவர்களிடம் கணக்குக் கேட்கலாம். ஓர் உறுப்பினரின் முகவரி சரியா என்று அவர்களைக் கேட்டு என்ன பயன்?

அந்தப் பட்டியலைக் கிடப்பில் போட்டுவிட்டு, தலைகீழாகத் தொடங்கினேன். நிர்வாகம் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதினேன். அவற்றுக்குப் பதில் சொல்லத் தேவைப்படும் தரவுகளை மட்டும் எடுத்தேன். உறுப்பினரின் அடையாளம், முகவரி, பிறந்த தேதி, உறுப்பினர் நிலை, கட்டணம், பயிற்சி வருகை என்று அது ஆறில் அடங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்விகள்: இது முதன்முதலில் எந்த மேசையில் பிறக்கிறது? தவறாக இருந்தால் முதலில் யாருக்குத் தெரியவரும்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்த இடங்களில் பொறுப்பைத் தீர்மானிப்பது எளிதாக இருந்தது. வேறுபட்ட இடங்களில்தான் சண்டை வந்தது.

முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உறுப்பினர் பிரிவில் பிறக்கிறது. தவறாக இருந்தால் ரசீது திரும்பி வரும், அதை முதலில் பார்ப்பது கணக்குப் பிரிவு. ஆகவே ஆண்டுக்கணக்காகக் கணக்குப் பிரிவு தன் மென்பொருளில் மட்டும் திருத்திக்கொண்டிருந்தது. உறுப்பினர் பிரிவோ பழைய முகவரியையே ஒவ்வொரு மாதமும் அனுப்பி, திருத்தியதை மீண்டும் அழித்துக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் மற்றவரைக் கவனக்குறைவானவர் என்று நம்பின. பிறக்கும் இடத்தில் பொறுப்பு, தவறு தெரியவரும் இடத்தில் திருப்பி அனுப்பும் கடமை என்று பிரித்தோம். கணக்குப் பிரிவு இனி தன்னிடம் திருத்தாது. ரசீது திரும்பி வந்தால் உறுப்பினர் பிரிவுக்கு ஒரு கோரிக்கை போகும், இரண்டு வேலை நாட்களில் பதில் வர வேண்டும். ஒப்புக்கொள்ள ஆறு வாரங்கள் ஆயின. அதில் ஐந்து வாரங்கள் 'இரண்டு வேலை நாள்' என்பதற்கே போயிற்று.

அந்த நாட்களில்தான் 'உரிமையாளர்' என்ற சொல்லே கெடுதல் செய்கிறது என்பது எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் ஓனர் என்கிறார்கள் என்று நாமும் உரிமையாளர் என்று எழுதிக்கொண்டோம். தமிழில் ஒருவருக்கு உரிமை என்று எழுதிக் கொடுத்தால் அவர் முதலில் செய்யும் காரியம் வேலி போடுவதுதான். பயிற்சி வருகைத் தரவின் 'உரிமையாளர்' என்று நான் குறித்துக் கொடுத்த பிரிவுத் தலைவர் மறுநாளே மற்றவர்களின் பார்வை அனுமதியை நீக்கச் சொன்னார். "என்னுடையது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர்மீது குற்றம் இல்லை. அந்தப் பத்தியின் தலைப்பை அன்று மாலையே அழித்து, 'யார் பதில் சொல்வது?' என்று மாற்றினேன். ஒரே மாதத்தில் பேச்சின் தன்மை மாறியது. உரிமை கேட்டு வந்தவர்கள் விலகினார்கள். "இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால்..." என்று தொடங்கும் உண்மையான காரணங்கள் வெளியே வந்தன.

சட்டங்களும் இதில் சொல்லைக் கவனமாகவே தேர்ந்திருக்கின்றன. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தனிநபர் தரவை வைத்திருக்கும் அமைப்பை உடைமையாளர் என்று அழைக்கவில்லை, 'கன்ட்ரோலர்' என்கிறது, அதாவது அந்தத் தரவு எதற்கு, எப்படிப் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பவர். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 'டேட்டா ஃபிடூஷியரி' என்கிறது, அதாவது பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர். ஐரோப்பிய விதி உயிரோடிருப்பவர்களின் தரவுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியச் சட்டமோ, தன் மரணத்துக்குப் பிறகு தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க வழி வைத்திருக்கிறது. அந்த மகளின் கடிதத்தை நினைத்தபடி இதைப் படித்தபோது, யாரோ இதே போன்ற ஒரு கடிதத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

பிறந்த தேதியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 60 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. எனக்கு 56 வயதுதான், ஏன் சலுகைக் கடிதம் வந்தது என்று ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் இன்னொருவர். தட்டச்சுப் பிழை என்று நினைத்தோம். ஆனால் தட்டச்சுப் பிழைகள் ஒரே அளவில் தவறுவதில்லை. இவர்கள் எல்லோருடைய பிறந்த தேதியும் சரியாக நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் பின்னால் போயிருந்தது. அதாவது 1,462 நாட்கள். அந்த எண்ணைக் கண்டதும் விஷயம் விளங்கியது. எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் சேமிக்கிறது. வழக்கமான முறையில் அந்த எண்ணிக்கை 1900-இலிருந்து தொடங்குகிறது. பழைய மேக் கணினிகளில் உருவான கோப்புகளில் 1904-இலிருந்து. ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டினால் 1,462 நாட்கள் வித்தியாசம் வந்துவிடும். எப்போதோ யாரோ ஒரு மேக் கணினியில் சேர்க்கைப் படிவங்களைப் பதிவு செய்திருக்கிறார். வேறு யாரோ அதை முதன்மைக் கோப்பில் ஒட்டியிருக்கிறார். இருவரும் அமைப்பை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போதுமாக இருந்தது. திருத்த நான்கு மாதங்கள் ஆயின. ஒட்டுமொத்தமாக 1,462 நாட்களைக் கூட்டிவிடலாமா? சிலருடையதை இடையில் கையால் திருத்தியிருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆகும்? தவறுதலாகச் சலுகை பெற்றவர்களிடம் வித்தியாசத்தைக் கேட்பதா? இவை எவற்றுக்கும் கணினிப் பிரிவு பதில் சொல்ல முடியாது. நானும் சொல்லக் கூடாது. அந்தப் பத்தியில் பெயர் இருந்த உறுப்பினர் பிரிவுத் தலைவர், காகிதப் படிவங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது, பழைய சலுகையைத் திருப்பிக் கேட்பதில்லை, இதை எழுத்தில் பதிவு செய்வது என்று மூன்று வரிகளில் முடிவெடுத்தார். எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் கூட்டிவிடலாம் என்ற கட்சி. ஆனால் முடிவெடுக்க ஓர் ஆள் இருந்தார், எடுத்தார், வேலை நகர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் அது ஒரு குழுவுக்குப் போய் அங்கேயே கிடந்திருக்கும்.

குழு என்றதும் நினைவுக்கு வருகிறது. எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுத்து, 11 பேருடன் மாதந்தோறும் கூடும் தரவு ஆளுகைக் குழு ஒன்றையும் அமைத்துப் பார்த்தோம். மூன்றாவது கூட்டத்துக்கு உதவியாளர்கள் வந்தார்கள். ஐந்தாவதற்கு யாரும் வரவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம், தீராத சச்சரவு உள்ளவர்கள் மட்டும். சச்சரவு இல்லையென்றால் கூட்டம் இல்லை. அங்கும் தீராவிட்டால் செயல் இயக்குநர் ஒரு வாரத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

சொற்களின் வரையறைக்கு வருகிறேன். 'நடப்பு உறுப்பினர்கள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு மூன்று பிரிவுகள் மூன்று எண்கள் தந்தன. எங்கும் நடப்பதுதான். எல்லோரும் ஒரே வரையறைக்கு வர வேண்டும் என்று நான் ஓராண்டு மல்லுக்கட்டினேன். அது வீண் பிடிவாதம். கணக்குப் பிரிவுக்குக் கட்டணம் செலுத்தியவர் வேண்டும். பயிற்சிப் பிரிவுக்குக் கடந்த 12 மாதங்களில் வந்து போனவர் வேண்டும். தகவல் தொடர்புப் பிரிவுக்கு அஞ்சல் பெறச் சம்மதித்தவர் வேண்டும். மூன்றும் தேவையான எண்கள். மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டியதில்தான் கோளாறு. 'நடப்பு உறுப்பினர்' என்ற சொல்லை எந்த அறிக்கையிலும் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தோம். 'கட்டணம் நிலுவையற்றவர்', 'ஓராண்டில் பங்கேற்றவர்', 'அஞ்சலுக்குச் சம்மதித்தவர்' என்று மூன்று பெயர்கள், மூன்று பொறுப்பாளர்கள். சண்டை அன்றோடு ஓய்ந்தது.

தரவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடமே ஆபத்தானது என்பதை எங்கள் மேலாளர்களுக்குப் புரியவைக்க ஓர் உண்மைச் சம்பவம் உதவியது. 2020-இல் இங்கிலாந்தின் அரசுப் பொதுச் சுகாதார அமைப்பாக இருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்று முடிவுகளை அன்றாடக் கணக்கில் சேர்க்காமல் தவறவிட்டது. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மீந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது. இதைச் சொன்னால் எல்லோரும் எக்செலைத் திட்டுவார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று கைமாறும் இடத்தில் எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நாங்கள் அதன் பிறகு கொண்டுவந்த விதி மிக எளிது: எந்தக் கோப்பு கைமாறினாலும் வரிசைகளின் எண்ணிக்கையும் தொகைப் பத்தியின் கூட்டலும் தனியாகக் கூடவே போக வேண்டும், பெறுபவர் ஒப்பிட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்றுவரை எங்களுக்கு அதிகம் பலன் தந்த விதி இதுதான். விலை கொடுத்து வாங்கிய தரவுப் பட்டியல் மென்பொருளை இப்போது நான் மட்டும்தான் திறக்கிறேன்.

பொறுப்பாளர் என்று பெயர் போட்டுவிட்டு நேரம் ஒதுக்காமல் விட்டது அடுத்த தவறு. தினமும் இரவில் ஓடும் சில சோதனைகளை எழுதியிருந்தோம்: எதிர்காலத்தில் பிறந்தவர்கள், சேர்வதற்கு முன்பே விலகியவர்கள், ஒரே தொலைபேசி எண்ணில் ஐந்து பேர். முடிவுகள் நேராகப் பொறுப்பாளருக்குப் போயின. முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான பிழைகள். இரண்டாம் வாரம் அந்த மின்னஞ்சலைத் தானாகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒருவர் ஏற்பாடு செய்துகொண்டார். அவரைக் கேட்டபோது, "என் வேலையை யார் செய்வது?" என்றார். நியாயம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று அவருடைய பணி விவரத்திலேயே எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்ட பிறகுதான் ஏற்பாடு உயிர் பெற்றது. கூடவே இன்னொரு அதிகாரமும் கொடுத்தோம்: படிவத்தில் பிறந்த தேதி இல்லாவிட்டால் சேர்க்கையையே நிறுத்திவைக்கலாம். மறுக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் கணக்குக் கேட்பது கொடுமை.

தனிப்பட்ட எக்செல் கோப்புகளை நான் முதலில் எதிரியாகப் பார்த்தேன். பயிற்சிப் பிரிவில் ஒருவர் பல ஆண்டுகளாகத் தனிக் கோப்பு வைத்திருந்தார். முதன்மை மென்பொருளைவிட அதுதான் சரியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "இவர் படியேற முடியாதவர், தரைத்தள வகுப்பு மட்டுமே என்று குறிக்க உங்கள் மென்பொருளில் இடமில்லை சார்" என்றார். அந்த ஒரு தகவலுக்காக முழுக் கோப்பையும் வளர்த்திருக்கிறார். அந்தக் கட்டத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் அவரே தன் கோப்பை மூடிவிட்டார். தனிக் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முதன்மை மென்பொருளில் ஏதோ குறை இருக்கிறது என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

அழிப்பது இன்னும் கடினம். சேர்க்கையின்போது வாங்கிய அடையாள அட்டை நகல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டுமே" என்பதுதான் பதில். அழிக்கலாம் என்று கையெழுத்திட ஒருவரும் தயாரில்லை. ஆகவே கேள்வியைத் திருப்பினோம். அழிக்கக் கையெழுத்து வேண்டாம், வைத்திருக்கத்தான் ஆண்டுதோறும் காரணத்துடன் கையெழுத்து வேண்டும். கணக்குத் தணிக்கைக்கோ சட்டத்துக்கோ தேவைப்படுபவற்றை முதலில் பிரித்து எடுத்துக்கொண்டோம். மீதியில் கையெழுத்து வராதவற்றை 90 நாட்கள் பூட்டி வைத்தோம். யாராவது தேடி வருகிறார்களா என்று பார்த்தோம். ஒரே ஒருவர் வந்தார், ஒரே ஒரு கோப்புக்கு. 91-ஆம் நாள் மற்றவை அழிந்தன. பழைய காப்பு நகல்களிலும் அவை இருக்கும் என்பதை அப்போதுதான் ஒருவர் நினைவூட்டினார். அவை சுழற்சியில் காலாவதியாக இன்னும் ஓராண்டு பிடித்தது.

பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனால்? இது நடந்தது. கட்டணத் தரவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் போய் ஏழு மாதங்கள் கழித்துத்தான், சோதனை முடிவுகள் இல்லாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தோம். இப்போது பட்டியலில் பதவியும் பெயரும் இரண்டும் இருக்கின்றன. பதவி மட்டும் இருந்தால் காலி நாற்காலியும் பதில் சொல்வதாகத் தோன்றும். பெயர் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். விடைபெறுபவர் அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைக்கும் படிவத்தில் 'தரவுப் பொறுப்பு யாருக்கு மாறுகிறது?' என்ற வரி சேர்ந்திருக்கிறது.

இறந்தவர்களைப் பற்றிய தகவலுக்கு இப்போது உதவி மையத்தின் தலைவர் பதில் சொல்கிறார். 'குறிப்புகள்' கட்டத்தில் எழுதத் தேவையில்லை. தனியாக ஒரு நிலைக் கட்டம் உண்டு. அதைக் குறித்தால் அன்றிரவே மற்ற மென்பொருள்களுக்கும் போய் எல்லா அஞ்சல்களும் நின்றுவிடும். அந்த மகளுக்கு இதை எழுதித் தெரிவித்தோம். பதில் வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை.

போன மாதம் வேறொரு குடும்பத்திலிருந்து அதே போன்ற ஒரு புகார். எங்கள் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் நிலை சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது. கடிதம் போனது வெளியே ஓர் அச்சகத்திலிருந்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆண்டு மலர் அனுப்ப நாங்கள் கொடுத்த முகவரிப் பட்டியல் அங்கேயே இருந்திருக்கிறது. இந்த ஆண்டும் அதையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். பட்டியலைத் திறந்து 'வெளியே கொடுத்த நகல்கள்' என்று ஒரு புதிய வரிசையைச் சேர்த்தேன். 'யார் பதில் சொல்வது?' என்ற பத்தியில் எழுத யார் பெயரும் தோன்றவில்லை. இப்போதைக்கு என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன்.